மேல் ஹாலில் நான்கு பேர்

என் நாற்காலியைப் பங்கு போட்டுக்கொள்ளப்போகும் மூன்று பேருக்கும் வணக்கம்.

பணி அனுபவங்களை ஓய்வு பெறுகிறவர்கள்தான் எழுத வேண்டும் என்று நம் சார் சொன்னார். எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. ஆனாலும் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் இந்தச் சின்ன அலுவலகத்தில், விருதுநகர் வெயிலையும் சேர்த்துக் கணக்கிட்டால், எனக்கு ஓய்வூதியமே தரலாம். அடுத்த மாதத்திலிருந்து நான் பாலம் கட்டப் போகிறேன். பாலத்துக்கு முன்னாள் மாணவர் சங்கம் கிடையாது. வேலை மாறுவதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

சுண்ணாம்பை எப்படிக் குழைப்பது, விரிசலை எப்படி அளப்பது என்பதெல்லாம் அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். படிக்க மாட்டீர்கள் என்று தெரியும், நானும் படிக்கவில்லை. அந்தப் புத்தகங்களில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். கட்டடம் ஒருபோதும் பிரச்சினை இல்லை. அது நிற்கும், அல்லது விழும். இரண்டையும் நேர்மையாகச் செய்யும். அதன் மேல் அன்பு வைத்திருப்பவர்கள்தான் பிரச்சினை.

சிவகாசியில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி. வெளிநாட்டுச் சாமியார்கள் கட்டியது. நூறு வயதைத் தாண்டிவிட்டது. கீழே வளைவு வளைவாக நீண்ட வராந்தா. அதற்கு மேலே, தேக்கு உத்தரங்களின் மீது உட்கார்ந்திருக்கும் பெரிய ஹால். எதிரே காலண்டர் அச்சடிக்கும் பிரஸ், பக்கத்தில் பட்டாசு ஏஜென்சி, அதற்குப் பக்கத்தில் இன்னொரு பட்டாசு ஏஜென்சி, பிறகு கோயில் மணி கேட்கிற தூரத்தில் டீக்கடை. பேப்பர் லோடு இறக்க வரும் லாரி பள்ளி வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் அன்று அசெம்பிளி அரைமணி தாமதம். பிரஸ் மெஷின் போடும் தாளத்துக்கு ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்கப் பழகிய பிள்ளைகள், மின்சாரம் போனால் ஏழெட்டு எவ்வளவு என்பதை மறந்துவிடுவார்கள். அந்தத் தெருவுக்கு மட்டும் அடுத்த வருடம் எப்போதும் ஆறு மாதம் முன்பே வந்துவிடும். நனைந்த மையோடு கட்டுக் கட்டாகத் தரையில் கிடக்கும்.

அந்தக் கட்டடத்தை நேசிக்காத ஆள் ஊரில் கிடையாது. பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு முகப்புப் படம் அதுதான். "எங்கள் தாய்" என்று அதன் கீழே எழுதியிருக்கும். தாயைப் பார்க்க வருடத்துக்கு ஒரு முறை, ஆண்டு விழாவுக்கு, மாலையோடும் வெடியோடும் வருவார்கள். சிவகாசியில் வெடியில்லாத விழா என்றால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று அர்த்தம். தவறு, செத்தாலும் வெடி உண்டு. பத்தாயிரம் வாலாவை மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரிலிருந்து முற்றம்வரை தோரணமாகத் தொங்கவிட்டு, கீழே திரி வைப்பார்கள். சரம் வெடித்துக்கொண்டே மேலே ஏறி, மாடியில் போய் முடியும். பள்ளியின் பெருமை விண்ணைத் தொடுவதாக மைக்கில் ஒருவர் சொல்வார். பல வருட வழக்கம்.

தலைமை ஆசிரியை சிஸ்டர் ஒரு நாள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். வராந்தாக் கூரையிலிருந்து ஒரு பெயர்ப்பலகை அளவுக்குச் சுண்ணாம்புப் பத்தை விழுந்திருக்கிறது. பிள்ளைகள் யார்மேலும் விழவில்லை. குடிதண்ணீர் டிரம்மின் மூடிதான் உடைந்தது. சார் என்னை அனுப்பினார். "சின்ன வேலைதான், பூசிட்டு வந்துரு" என்று சொல்லி அனுப்பினார். நம் அலுவலகத்தில் யாராவது உங்களிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னால் இரண்டு நாளுக்கு மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏணி போட்டு ஏறி, உத்தரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஸ்குரூடிரைவரால் குத்தினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் ஸ்பூன் இறங்குவதுபோல இறங்கியது. அடுத்த உத்தரம், அதுவும் பால்கோவா. மேற்குச் சுவரோரம் முழுக்க அப்படித்தான். நடுமரம் இரும்பாக இருக்கிறது, சுவர் யானையாக நிற்கிறது. சுவருக்குள் புதைந்திருக்கும் முனைகள் மட்டும் ஊறி மக்கிப் போயிருந்தன. எங்கிருந்து வந்தது தண்ணீர் என்று மாடிக்குப் போனேன். மழைநீர் இறங்கும் துவாரங்களில் கையை விட்டுப் பிடுங்கினேன். சிவப்பாக, கெட்டியாக, களிமண் உருண்டைபோல ஒன்று வந்தது. இன்னொரு பிடி. இன்னொரு பிடி. சிஸ்டர் கீழிருந்து கேட்டார்.

"என்னம்மா அது? செங்கலா?"

"வெடித்தாள் சிஸ்டர். எத்தனை வருஷத்து வாலாவோ."

சிஸ்டர் அண்ணாந்து என் கையிலிருந்த உருண்டையைப் பார்த்தார். பிறகு, "எல்லாம் பழைய மாணவர்களோட பாசம்மா" என்று சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஒவ்வொரு விழாவிலும் விண்ணைத் தொட்ட பெருமை, கிழிந்த தாளாகத் துவாரத்தில் இறங்கி, ஐப்பசி மழையை மாடியிலேயே தேக்கி, சுவருக்குள் கசியவிட்டு, உத்தரத்தின் முனைகளை அழுகவைத்திருந்தது. இப்படிப்பட்ட நோயை நீங்கள் வேறு எந்த ஊர்க் கட்டடத்திலும் பார்க்க முடியாது. நான் பெருமைப்பட்டுக்கொண்டேன், அந்த வயதில் அப்படித்தான்.

தீர்ப்புச் சுலபம் என்று நினைத்தேன். மேல் ஹாலுக்குக் கூட்டம் ஏறக் கூடாது. கீழே வராந்தாவில் உத்தரங்களுக்கு இரும்பு முட்டுக் கொடுத்துவிட்டால், மேலே பாரம் இல்லாதவரை கீழே பயமில்லை. முனைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். அன்றே ஆளைக் கூப்பிட்டு முட்டு நிறுத்தினோம். மறுநாள் காலை அது சரியாக நிற்கிறதா என்று பார்க்க ஏழு மணிக்கே போனேன். பள்ளி ஒன்பதுக்குத்தான். ஆனால் வராந்தாவில் முப்பது நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள்.

வாசலில் வேன்கள். வெம்பக்கோட்டைப் பக்கம், அச்சங்குளம் பக்கம் பட்டாசு ஆலைகளுக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறவை. ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொருத்தியும் பிள்ளையின் பையையும் பிள்ளையையும் கேட்டுக்குள் தள்ளிவிட்டு ஓடினாள். சிஸ்டர் எத்தனையோ வருடமாக ஆறேமுக்காலுக்குக் கேட்டைத் திறந்து வைக்கிறாராம். அதற்கு அரசாணை கிடையாது, திட்டம் கிடையாது, போட்டோ எடுக்க யாரும் வந்ததில்லை. அதனால் அது ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

அங்கேதான் முத்துலட்சுமியைப் பார்த்தேன். என் வயது இருக்கும். மகள் காவ்யாவுக்குத் தலையில் ரிப்பன் கட்டிக்கொண்டே முட்டுகளை அண்ணாந்து பார்த்தாள்.

"என்னக்கா, பள்ளிக்கூடத்துக்குக் கம்பு ஊனியிருக்கீக? வயசாயிருச்சா?"

"கொஞ்சம் இடுப்பு வலி" என்றேன்.

"அப்ப பிள்ளைக இங்கன இருக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்த சொல்லுங்க. கூடாதுன்னா நான் இன்னைக்கு வேன் ஏற மாட்டேன். சீசன்ல ரெண்டு நா சேந்தாப்ல லீவு போட்டா எம் எடத்துல வேற ஆள ஒக்கார வச்சிருவாக."

"இருக்கலாம்."

"நெசமாவா?"

"மேலே ஆள் ஏறாத வரைக்கும்."

"மேல எவ ஏறப்போறா" என்று சொல்லிவிட்டு அவள் வேனுக்கு ஓடினாள். மேலே ஏறுவதற்கு ஒரு சங்கமே மாலையோடு காத்திருந்தது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆண்டு விழா அந்த மாதக் கடைசியில். பழைய மாணவர் சங்கத் தலைவர் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி. முத்துலட்சுமி வேலை பார்ப்பதும் அவரிடம்தான். ஊரில் எல்லோருக்கும் அண்ணாச்சி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவர்களைச் சமாளிப்பது எளிது. இவர் அந்தக் கட்டடத்தை நினைத்தால் கண்ணில் தண்ணீர் வருகிற ஆள். அவருடைய அப்பாவின் படம் மேல் ஹாலில் மாட்டியிருக்கிறது. இந்த வருட விழாவில் பக்கத்தில் இவர் படத்தைத் திறப்பதாக ஏற்பாடு. இருநூறு பேர், சிறப்பு விருந்தினர், மேடை, மைக், எல்லாம் அந்த உத்தரங்களின் மேல். நான் சிஸ்டர் அறையில் வைத்து அவருக்கு விளக்கிச் சொன்னேன். அழுகிய மரத்தூளை ஒரு தாளில் கொட்டியும் காட்டினேன். மூக்குப்பொடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஏம்மா, ஒனக்கு வயசு என்ன?"

சொன்னேன்.

"இந்த ஹாலுக்கு நூறுக்கு மேல. யாரு யாருக்குச் சர்ட்டிபிகேட்டு குடுக்கது?"

"அண்ணாச்சி, மர முனை போயிருச்சு. கூட்டம் ஏறுனா..."

"போன வருசம் ஏறுனோம். அதுக்கு முந்தின வருசமும் ஏறுனோம். கீள பத்தாயிரம் வாலா வெடிச்சுச்சு, கட்டடம் அசைஞ்சுச்சா? வேணும்னா நாளைக்கே ஒண்ணு கொளுத்திப் பாப்போம். அசைஞ்சா ஒத்துக்கிடுதேன்."

பாருங்கள். உலகத்தில் மற்றவர்கள் கட்டடத்தின் பலத்தைச் சோதிக்க மணல் மூட்டை வைக்கிறார்கள்.

சிஸ்டர் மெதுவாக, "கீழே முற்றத்துல வச்சுக்கிடலாமே அண்ணாச்சி" என்றார்.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். "மேல ஆபத்துன்னா கீளயும் ஆபத்துதான சிஸ்டர்? எங்கள ஏறாதன்னா, காலையில அம்புட்டுப் பிள்ளைகள கீள ஒக்கார வைக்கீகளே, அது மட்டும் எப்படி? சட்டம்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான். நான் எளுதிப் போடுதேன். ஆபீசருக வந்து மொத்தத்தையும் பூட்டி சீல் வைக்கட்டும்."

அவர் போன பிறகு சிஸ்டரிடம் ஹாலைப் பூட்டிவிடச் சொன்னேன். விழா வேலைகளுக்காக ஹால் சாவியைச் சங்கம் வாங்கி வைத்திருந்தது. இன்னொரு பூட்டுப் போட்டால் அவர் சொன்னதைச் செய்வார் என்று சிஸ்டருக்குத் தெரியும். பழைய கட்டடத்தைப் பற்றிப் புகார் வந்தால் வருகிற ஆள் மேல் ஹால், கீழ் வராந்தா என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். மொத்தமாகப் பூட்டுவதுதான் அவருக்கும் பாதுகாப்பு. அப்புறம் ஏழு மணிக்கு வரும் பிள்ளைகள் தெருவில் நிற்க வேண்டியதுதான். அல்லது அம்மாவோடு வேனில் ஏற வேண்டியதுதான். அந்த இரண்டாவதைச் சிஸ்டர் வாயால் சொல்லவில்லை. அந்த ஊரில் அதைச் சொல்லிக் காட்டத் தேவையில்லை.

நம் சாரிடம் ஆலோசனை கேட்டேன். நாற்பது வருட அனுபவம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "'உரிய கவனத்துடன் பயன்படுத்தலாம்'னு எழுதிக் குடுத்துரு. விழுந்தா அவங்க கவனமா இல்ல. விழலைன்னா நீ நல்ல இஞ்சினியர்." சார் இதைப் படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். சார், உங்களிடம் நான் கற்றுக்கொண்டவை ஏராளம். இதை மட்டும் கற்றுக்கொள்ளாமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டேன். தம்பி தங்கைகளே, உங்கள் கை எதை வேண்டுமானாலும் எழுதட்டும், அந்த வாக்கியத்தை மட்டும் எழுத விடாதீர்கள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. மேதைகளுக்கு வருவதுபோலத் திடீரென்று, டீக்கடையில். பட்டாசு ஆலைகளில் ஒவ்வொரு ரூமுக்கு வெளியிலும் ஒரு போர்டு இருக்கும். ரூம் எண், என்ன வேலை, எத்தனை ஆள். நான்கு என்றால் நான்குதான். வெடிமருந்து புழங்கும் இடத்தில் ஐந்தாவது ஆள் இருக்கக் கூடாது. இந்த ஊரே அந்தப் போர்டில் பிழைக்கிறது. அதே போர்டை ஹாலுக்கு மாட்டினால்? ஆலை போர்டு எழுதும் பெயின்டரையே பிடித்தேன். அதே தகரம், அதே சிவப்பு, அதே எழுத்து. 'மேல் ஹால். அனுமதிக்கப்பட்ட ஆட்கள்: 4.' மாடிப்படி அடியில் ஆணி அடித்து மாட்டிவிட்டு, மக்களின் மொழியில் பொறியியலைப் பேசிய முதல் பெண் நான்தான் என்கிற நினைப்பில் நின்றேன்.

மறுநாள் காலை முத்துலட்சுமி அதைப் படித்தாள். இன்னும் மூன்று பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான்கு பேரும் சிரித்த சிரிப்பில் வேன்காரர் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"ஏக்கா, இதயா மாட்டியிருக்கீக?"

"ஏன், உங்க ரூம்லயும் இதே போர்டுதானே?"

"இதேதான். நாலு. நாங்க எட்டுப் பேரு இருக்கோம்."

"எட்டா?"

"தீபாவளி நெருங்குனா பத்து. போர்டு யாருக்குக்கா? எங்களுக்கா? ஜீப்புல வர்றவுகளுக்கு. ஜீப்பு வருதுன்னு வாட்ச்மேன் சத்தங் குடுத்தா நாலு பேரு ரூம்ல இருப்போம், மிச்சப் பேரு கருவேலங்காட்டுக்குள்ள ஓடிருவோம். போனதும் வந்து ஒக்காந்துக்கிடுவோம்."

"நீங்க போர்டப் பாத்து அண்ணாச்சி பயந்துருவாருன்னு நெனச்சீகளா?" என்று இன்னொருத்தி கேட்டாள். "அந்தப் போர்டு எளுத ஆர்டர் குடுக்கதே அவருதான்."

காவ்யாகூடச் சிரித்தாள். நான்காம் வகுப்பு.

அவமானம் நல்ல ஆசிரியர் என்றெல்லாம் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அன்று சாயங்காலம்வரை அந்த மாடிப்படிப் பக்கமே நான் தலைகாட்டவில்லை. ஆனால் முத்துலட்சுமி சொன்னதில் ஒரு வார்த்தை மட்டும் உள்ளே சுற்றிக்கொண்டே இருந்தது. போர்டு ஜீப்பில் வருகிறவர்களுக்கு. சாயங்காலம் சிஸ்டருக்குப் போன் செய்து ஒரே கேள்வி கேட்டேன். சிறப்பு விருந்தினர் யார்?

"நம்ம பழைய மாணவர்தாம்மா. பட்டாசு ஆலைகளச் சோதிக்கிற அதிகாரியா இருக்கார். அண்ணாச்சிதான் நேர்ல போய் அழைச்சிருக்கார்."

நான் போர்டை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நேராக மாட்டினேன்.

விழா நாள். மேலே நாற்காலிகள் ஏற்றியாகிவிட்டது. வாலா தொங்குகிறது. பேண்டு. பிரஸ்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் நிற்கிறார்கள். பிள்ளைகளின் பாட்டு உண்டு என்பதால் அம்மாக்களும் வந்திருந்தார்கள். முத்துலட்சுமியும் அவள் கூட்டமும் வராந்தாத் தூணோரம். அண்ணாச்சி வெள்ளைவேட்டி மொடமொடக்க அதிகாரியை அழைத்துக்கொண்டு மாடிப்படியை நோக்கி வந்தார். பின்னால் சங்கம் முழுவதும்.

நான் படியடியில் நின்றேன். முந்தின இரவு தயார் செய்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. பாரம், தாங்குதிறன், சட்டப்பிரிவு என்று நல்ல பேச்சு. அதைச் சொல்லியிருந்தால் அண்ணாச்சி, "பாப்பா பயப்படுது" என்று சிரித்திருப்பார். விருந்தினரும் மரியாதைக்குச் சிரித்திருப்பார். இருநூறு பேரும் சிரித்துக்கொண்டே ஏறியிருப்பார்கள். அதிகாரியிடம் புகார் சொன்னால் அவர் அழைத்தவர் பக்கம்தான் நிற்பார், மாலையைக் கழுத்தில் வைத்துக்கொண்டு வேறென்ன செய்வார். எனவே நான் புகார் சொல்லவில்லை. திருத்தம் கேட்டேன்.

"சார், ஒரு நிமிஷம். நான்தான் இந்தக் கட்டடத்துக்கு இஞ்சினியர். உங்க துறை போர்டு மாதிரி எழுதப் பாத்தேன். சரியா எழுதியிருக்கேனான்னு நீங்கதான் சொல்லணும்."

மனிதர் நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். வாழ்நாள் முழுவதும் படித்த போர்டு.

"நாலு பேரா? ஏன்?"

"மர முனை ஊறிப் போச்சு சார். மாத்துற வரைக்கும் மேலே நாலு வேலையாள். கீழே முட்டுக் கொடுத்திருக்கு. மேலே பாரம் இல்லேன்னா கீழே பிள்ளைங்க இருக்கலாம்."

அவர் முட்டுகளைப் பார்த்தார். நாற்காலி இழுபடும் சத்தம் வந்த மேல் ஹாலைப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்தார். அந்த ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். ஆனால் தெரிந்ததைப் போர்டுக்கு முன்னால் வைத்துப் பேசிய வழக்கம் கிடையாது.

"நாலுன்னு போட்டிருக்கே, அண்ணாச்சி" என்றார்.

"அது வந்து சார், சும்மா பாப்பா ஒரு..."

அவர் முடிக்கவில்லை. தூணோரத்திலிருந்து முத்துலட்சுமியின் குரல், பள்ளிப்பிள்ளை பதில் சொல்வதுபோலக் கணீரென்று வந்தது.

"எங்க ரூம்லயும் நாலுதான் சார்!"

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அதிகாரி மறுபடியும் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சிக்கு இரண்டே வழி. போர்டு சும்மா என்று சொல்லலாம். எந்தப் போர்டு என்று அடுத்த கேள்வி வரும். இல்லாவிட்டால்...

"ஆமா சார்" என்றார் அண்ணாச்சி. "நம்ம கம்பெனியப் பொறுத்தவரைக்கும் போர்டுன்னா போர்டுதான். ஏலே, நாற்காலியக் கீள எறக்குங்கலே!"

விழா முற்றத்தில், வெயிலில், அமோகமாக நடந்தது. தொழிலாளர் பாதுகாப்பே என் மூச்சு என்று அண்ணாச்சி மைக்கில் இருபது நிமிடம் பேசினார். ஒரு ரூமுக்கு நான்கு பேருக்கு மேல் தன் கம்பெனியில் உட்கார்ந்ததில்லை, இனியும் உட்காரப்போவதில்லை என்றார். பள்ளிக்கட்டடத்துக்கும் அதே விதிதான் என்று அவர் வாயாலேயே சொன்னார். அதிகாரி கைதட்டினார். வாலாவைத் தெருவில் வைத்து வெடித்தார்கள். சீல் வைக்கும் பேச்சு அத்தோடு போயிற்று. அன்று இரவு நான் பிரியாணி சாப்பிட்டேன். உங்கள் அக்கா ஒரு பேச்சுக்கூடப் பேசாமல் ஒரு கட்டடத்தைக் காப்பாற்றியவள் என்று நினைத்துக்கொண்டே இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

பாடம் இங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். போகிற இடத்தில் எல்லாம் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டிருப்பேன். அடுத்த வாரம் முட்டுகளைப் பார்க்கப் போனேன். ஏழரை மணி. வேன்கள் போய்விட்டன. வராந்தாவில் பிள்ளைகளோடு நான்கு பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். முத்துலட்சுமி காவ்யாவுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க இஞ்சினியரக்கா. ஒங்க புண்ணியத்துல லீவு."

"என்ன ஆச்சு?"

"அண்ணாச்சி சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாரு. ரூமுக்கு நாலு பேரு. நாங்க அஞ்சாவது, ஆறாவது, ஏளாவது, எட்டாவது."

விழாவில் கத்தியவள் யார் என்று அண்ணாச்சிக்குத் தெரியாதா என்ன. நான்கு பேர் என்றதும் யாரை வெளியே நிறுத்துவது என்பதில் அவருக்குச் சிரமமே இருந்திருக்காது. இந்த வராந்தா அவளுக்கு எதற்காக வேண்டும்? வேலைக்குப் போக. வராந்தாவைக் காப்பாற்றிக் கொடுத்தேன், வேலை போய்விட்டது. உத்தரத்தின் கீழே ஒரு முட்டு வைத்தால் பாரம் எங்கே இறங்கும் என்று வரைபடம் போட்டுப் பார்க்கிற எனக்கு, இது எங்கே இறங்கும் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

"நான் போய் அண்ணாச்சிகிட்டப் பேசுறேன்" என்றேன்.

நான்கு பேரும் ஒரே நேரத்தில், "ஐயையோ" என்றார்கள்.

"வேணாக்கா" என்றாள் முத்துலட்சுமி. "நீங்க பேசுனதே போதும். செத்த நேரம் சும்மா உக்காருங்க. தீபாவளிக்கு லோடு போகணும்ல. எட்டுப் பேரு செய்யுத வேலைய நாலு பேரு செஞ்சா ஆர்டர் எப்பிடிப் போகும்? வருவாக."

"வரலைன்னா?"

முத்துலட்சுமி காவ்யாவின் நோட்டில் எதையோ அழித்தாள். சும்மா உட்கார்ந்தேன். அன்று யாரும் வரவில்லை. நான் ஏதோ ஒரு சாக்கில் முட்டுகளைச் சோதிக்கத் தினமும் போனேன். அவ்வளவு சோதிக்கப்பட்ட முட்டுகள் தமிழ்நாட்டில் வேறு கிடையாது. பெண்களின் சிரிப்பு நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. ஒருத்தி தீப்பெட்டி ஆபீசில் வேலை கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள். இன்னொருத்தி, "நீ வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்று முத்துலட்சுமியிடம் சொல்லியே விட்டாள்.

பிறகு ஒரு காலையில் கம்பெனி போர்மேன் பைக்கில் வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை.

"ஏத்தா, அண்ணாச்சி வரச் சொன்னாக. ஏறுங்க, வேன் முக்குல நிக்கு."

மூன்று பேர் எழுந்துவிட்டார்கள். முத்துலட்சுமி உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"எந்த ரூமுக்கு?"

"எந்த ரூமு? பளைய ரூமுக்குத்தான்."

"அதுல நாலு பேரு இருக்காகள்ல. போர்டுன்னா போர்டுதான். அண்ணாச்சி மைக்குல சொன்னத ஊரே கேட்டுச்சு."

"வெளையாடாத முத்துலட்சுமி. லோடு நிக்குது."

"நிக்கட்டும். கெளக்க ரெண்டு ரூமுல அட்டப்பெட்டியப் போட்டுப் பூட்டி வச்சிருக்காகள்ல, அதத் தெறந்து விடச் சொல்லுங்க. தீபாவளிக்குப் பத்துப் பேரு ஆவோம்ல, நாலு நாலு பேரா ஒக்காருதோம்."

"அத நீ சொல்லுதியா?"

"நான் யாரு சொல்ல? போர்டு சொல்லுது."

எழுந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் தீப்பெட்டி ஆபீஸ் பேச்சு எடுத்தவள் முதலில் உட்கார்ந்தாள். அப்புறம் மற்ற இருவரும். போர்மேன் என்னைப் பார்த்தார், நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்பதுபோல. நான் ஒரு முட்டுக்கம்பத்தை மிகக் கவனமாகச் சோதித்துக்கொண்டிருந்தேன். அவர் போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். ரொம்ப நேரம் பேசினார். திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், "ஒரு ரூமு காலி பண்ணுதாக" என்றார்.

"ரெண்டு கேட்டோம்."

"ஒண்ணுதான். வர்றீகளா, இல்லையா?"

முத்துலட்சுமி புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

இப்போது மேல் ஹாலின் உத்தர முனைகள் மாற்றியாகிவிட்டன. செலவை அண்ணாச்சிதான் ஏற்றுக்கொண்டார். அதைச் சொல்லும் கல்வெட்டு ஜன்னலைவிடப் பெரியது. மாடித் துவாரங்களுக்குக் கம்பிவலை போட்டிருக்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை போய்க் குனிந்து பாருங்கள், அது உங்கள் வேலை. ஹாலுக்கு எத்தனை பேர் ஏறலாம் என்பதைக் கணக்கிட்டுப் புதுப் போர்டு எழுதியிருக்கிறது. உண்மையான கணக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. அதை உங்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

கடைசியாகப் போன வாரம் சொல்லிக்கொண்டு வரலாம் என்று போயிருந்தேன். ஏழு மணி, வேன் நின்றுகொண்டிருந்தது. முத்துலட்சுமி காவ்யாவைக் கேட்டுக்குள் தள்ளிவிட்டு ஓடினாள். நானும் கூடவே ஓடினேன்.

"இப்ப ரூம்ல எத்தன பேரு?"

"அஞ்சு. பத்துப் பேரு, ரெண்டு ரூமு."

"போர்டு நாலுதானே?"

"நாலுதான். அந்த அஞ்சாவது ஆளு யாருங்கதுல தெனமும் எங்களுக்குள்ள சண்ட" என்றாள், வேனில் ஒரு காலை வைத்துக்கொண்டு. "ஆனா ஆறாவது ஆள ஒக்கார வச்சாகன்னு வைங்க, நாங்க அஞ்சு பேருமே எந்திரிச்சுருவோம். அது அண்ணாச்சிக்கும் தெரியும். தள்ளுங்கக்கா, கதவச் சாத்தணும்."